இருபத்து மூன்றரை ஆணி

போன மாதம் லாடக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் ஒரு படம் போட்டான். ஓரம் மடங்கிய பழைய மஞ்சள் அட்டை. அதில் ‘எடுத்த ஆணி’ என்ற கட்டத்தில் 24 என்று எழுதி, அதை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் 23½ என்று எழுதியிருக்கிறது. கீழே சாய்ந்துபோன ஒரு கையெழுத்து. “அரை ஆணி கணக்கு எழுதின ஆசாமி யாருடே?” என்று கேள்வி. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள். எண்ணிப் பார்த்தேன், பதினேழு.

சிரித்த பதினேழு பேரில் பாதிப் பேர் நாலு நாள் பயிற்சிக்குப் போய்ச் சட்டம் போட்ட சான்றிதழோடு வந்தவர்கள். ஆணி அடிக்காமல் பசையால் ஒட்டும் லாடம் வந்த பிறகு இந்தத் தொழிலுக்கு எண்ணத் தெரியவே வேண்டாம் என்று ஆகிவிட்டது போலிருக்கிறது. சிரிக்காமல் எனக்குத் தனியாக எழுதியவள், தொழிலுக்குப் புதிதாக வந்த ரேஷ்மா ஒருத்திதான். “சேட்டா, அது உங்க கையெழுத்தல்லே? எழுத்துப் பிழையா?”

அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பதில் ஃபோனில் அடங்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வயது முப்பத்து நாலு. லாடத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. குதிரையின் காலைத் தன் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, நாளெல்லாம் இரண்டாக மடிந்து நிற்கிற வேலையைப் பன்னிரண்டு வருஷம் செய்தவனின் முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்த்தால் நம்புவார்கள். இப்போது திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு பார்சல் கம்பெனிக் கிடங்கில் உட்கார்ந்து ஸ்கேன் செய்கிற வேலை.

அப்பாவும் அம்மாவும் போனக்காட்டு மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர்கள். அப்பா எதற்கும் பெருவிரலை மையில் முக்குவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனதும், பத்தாவது தேறியதும், பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்டதும் நான்தான் முதல். நான் முதன்முதலாக ரேஷன் அட்டை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட அன்று அப்பா அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ‘எழுத்து நல்லா நிக்குது’ என்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நிற்பது தெரியும்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெங்களூர்ப் பக்கம் ஒரு பந்தய லாயத்தில் இரண்டரை வருஷம் இருந்தேன். முதல் எட்டு மாதம் கரி அள்ளினேன். இரண்டு முறை உதை வாங்கினேன். ஒரு பல் போனது. திரும்பி வந்தபோது திருவனந்தபுரத்துக்கு வெளியே, கடல் பக்கமாக இருந்த ஒரு குதிரையேற்ற கிளப்பில் வேலை கிடைத்தது. பத்தொன்பது குதிரைகள், ஒரே லாடக்காரன். சேர்ந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது.

அங்கே எனக்கு மேலே இரண்டு பேர். ஒருவர் மேனேஜர் பிள்ளை சார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை; லாயத்துக்குள்ளே கால் வைக்காமல் வாசலில் நின்றே எல்லாவற்றையும் நடத்திவிடுவார். எதைப் போய்ச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான்: “அட்ஜஸ்ட் செய்யடே.” கூரை ஒழுகினாலும், கொள்ளில் வண்டு இருந்தாலும், குதிரை சாக்கடையில் விழுந்தாலும் அதேதான். கோபப்பட மாட்டார். கோபப்படுகிற மனிதரிடமாவது வாதாடலாம்.

இன்னொருவர் மிருக டாக்டர், ஷைனி டாக்டர். வாரம் இரண்டு நாள் வருவார். மலையாளத்தையும் தமிழையும் ஒரே தட்டில் பிசைந்து பேசுவார். ஒரு குதிரை நொண்டுகிறது என்று போய் நின்றால், “காரணம் என்ன?” என்று கேட்கவே மாட்டார். “நீ எந்தா கண்டே?” என்பார், அதாவது என்ன பார்த்தாய் என்று. நான் சேர்ந்த புதிதில், “சுளுக்குன்னு நினைக்கேன் டாக்டர்” என்று ஆரம்பிப்பேன்.

“நீ நினைச்சது அவிடே இருக்கட்டும் மோனே. கண்டது சொல்லு.”

“இடது முன்கால ஊனும்போது தலையத் தூக்குது.”

“ஆங். அது கண்டது. இனி?”

இப்படி ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். கடுப்பாக இருக்கும். பந்தய லாயத்தில் வேலை பார்த்தவனை இந்த அம்மா ஒன்றாங்கிளாஸ் பிள்ளை மாதிரி நடத்துகிறாரே என்று.

அந்த மஞ்சள் அட்டையும் டாக்டர் கொண்டுவந்ததுதான். குதிரைக்கு ஒரு அட்டை. லாடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் நான் அதை நிரப்ப வேண்டும். குளம்பின் நீளம், கோணம், பழைய லாடம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, அடித்த ஆணி எத்தனை, எடுத்த ஆணி எத்தனை, கையெழுத்து. பழைய லாடங்களை ஒரு மாதம் பெயர் எழுதி மாட்டி வைக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். செருப்புத் தேய்ந்திருப்பதைப் பார்த்து ஆளின் நடையைச் சொல்கிற மாதிரி, தேய்ந்த லாடத்தைப் பார்த்தால் குதிரையின் நடை தெரியும்.

எடுத்த ஆணியை ஏன் எண்ண வேண்டும் என்று புதியவர்கள் கேட்கிறார்கள். ஆணி குளம்பின் அடியில் நுழைந்து, நகம் மாதிரியான வெளி ஓட்டுக்குள்ளேயே ஏறி, பக்கவாட்டில் வெளியே வரும். வெளியே வந்த கூர்முனையை முறித்து, மீதியைக் கீழ்நோக்கி மடக்குவோம். அந்த மடக்குதான் பிடி. கழற்றும்போது முதலில் ஒவ்வொரு மடக்கையும் நிமிர்த்த வேண்டும். பிறகு ஒவ்வொரு ஆணியையும் தனித்தனியாகக் குறடால் பிடித்து இழுத்துத் தகர டப்பாவில் போட வேண்டும். காலுக்கு ஆறு, நாலு காலுக்கு இருபத்து நாலு. டப்பாவில் இருபத்து நாலு முழு ஆணி இருந்தால் குதிரையின் காலில் எதுவும் மிச்சமில்லை என்று அர்த்தம். கஷ்டமான கணக்கு இல்லை. ஆனால் குனிந்து நிற்கிறவனுக்கு ஒரு குதிரைக்குக் கால் மணி நேரம் கூடுதல். குறடை லாடத்துக்கு அடியில் கொடுத்து நெம்பினால் ஆணிகளோடு லாடம் மொத்தமாக வந்துவிடும். அதுதான் எல்லா இடத்திலும் வழக்கம். ஆனால் நம் ஊர்ச் செம்மண் ஈரத்திலும் உப்புக்காற்றிலும் ஆணி நடுவில் துருப்பிடித்து மெலிந்திருக்கும். நெம்பினால் முறியலாம். அதனால்தான் டாக்டர் இங்கே ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார்.

இனி அந்த அரை ஆணி வந்த லாடத்தின் கதை.

வாசல் நிலையில் குதிரை லாடம் அடித்தால் கண்ணேறு தட்டாது, காசு தங்கும், வேலை நிலைக்கும் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. கழக்கூட்டத்தில் ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கு அது இரண்டு மடங்கு. அதிலும் புது லாடம் ஆகாது. குதிரை போட்டு ஓடியதாக இருக்க வேண்டும். கறுப்புக் குதிரை விசேஷம். எல்லாவற்றையும்விட விசேஷம், குதிரையிலிருந்து எடுத்த ஆணிகள் அதிலேயே இருக்க வேண்டும். இது எந்தக் குதிரை சொன்ன சாஸ்திரம் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் கிளப்பில் கறுப்பு, மாளு ஒருத்திதான். ஒன்பது வயதுப் பெண் குதிரை. குளம்பின் ஓடு மெலிசு. குணம் அதைவிட மெலிசு. காலைத் தொட்டாலே காதைப் பின்னுக்கு மடக்குவாள். ஆனால் சின்னப் பிள்ளைகளை முதுகில் ஏற்றினால் கண்ணாடிப் பாத்திரம் சுமக்கிற மாதிரி நடப்பாள்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் மாளுவுக்கு லாடம் மாற்றக் குனிந்தபோது வாசலிலிருந்து பிள்ளை சாரின் குரல்.

“செல்வா, இடது முன்காலிலே உள்ள லாடம் ஒரு மெம்பருக்கு வேணும். வாக்குக் கொடுத்தாச்சு. ஆணியோட வேணுமாம்.”

“ஒவ்வொரு ஆணியாத்தான் சார் எடுக்கணும். டாக்டர் சொல்லியிருக்காங்க. பழைய லாடத்த ஒரு மாசம் வைக்கவும் சொல்லியிருக்காங்க.”

“மூணு லாடம் வைச்சா போராதா? அட்ஜஸ்ட் செய்யடே. ஆள் காரிலே இருக்கு.”

அன்றைக்கு மாளு மூன்றாவது குதிரை. இன்னும் இரண்டு பாக்கி. இடுப்பு ஏற்கெனவே முனக ஆரம்பித்திருந்தது. மற்ற மூன்று காலிலும் முறைப்படி பதினெட்டு ஆணிகளை எடுத்து டப்பாவில் போட்டேன். இடது முன்காலில் மடக்குகளை நிமிர்த்தக்கூட இல்லை. அரத்தால் தேய்த்துத் தள்ளிவிட்டு, குறடைக் கொடுத்து நெம்பினேன். லாடம் ஆணிகளோடு வந்தது. திருப்பிக்கூடப் பார்க்காமல் வாசலை நோக்கி நீட்டினேன். புது லாடம் அடித்தேன். குளம்புக்கு எண்ணெய் பூசினேன். பளபளவென்று இருந்தது. அட்டையை எடுத்தேன். எடுத்த ஆணி: 24. கீழே என் கையெழுத்து, நன்றாக நிற்கிற மாதிரி.

மூன்றாம் நாள் மாளு இடது முன்காலைத் தரையில் வைக்க மறுத்தாள்.

லாடம் அடித்த மூன்றாம் நாள் நொண்டினால் முதல் சந்தேகம் ஆணி மேல்தான். குளம்பு ஓட்டுக்கு உள்ளே உயிருள்ள சதை இருக்கிறது. ஆணி கொஞ்சம் உள்வாங்கினால் அதை நெருக்கும். டாக்டர் வந்தார். நான் அடித்த ஆறு ஆணியையும் ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லி, வெள்ளைத் துணியில் துடைத்து, முகர்ந்து பார்த்தார். ஈரம் இல்லை, ரத்தம் இல்லை, நாற்றம் இல்லை. ஆறும் சுத்தம்.

எனக்கு மூச்சு வந்தது. “என் ஆணி இல்ல டாக்டர்” என்றேன், கேட்காமலே.

குளம்பை அழுத்திப் பார்க்கும் பெரிய இடுக்கியை வைத்து டாக்டர் சுற்றிலும் அழுத்தினார். மாளு எங்கே அழுத்தினாலும் துள்ளினாள். நல்ல காலை அழுத்தியபோதும் துள்ளினாள். எக்ஸ்ரே எடுக்கும் கைமெஷின் ரிப்பேருக்குப் போயிருந்தது. வரப் பத்து நாள் ஆகும். மேலே மூட்டில் ஏதாவது இருக்கலாம் என்றார் டாக்டர். வெந்நீர் உப்பில் காலை ஊறவைத்தோம். மூன்று நாளாகியும் மாற்றம் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை டாக்டரும் லாயத்தில் இருந்தபோது பிள்ளை சார் வாசலில் வந்து நின்றார். வேறு ஜில்லாவில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவர் மாளுவைக் கேட்டிருக்கிறாராம்.

“காலு இப்படி இருக்கே சார்?”

“அதெல்லாம் அந்த ஆள் அட்ஜஸ்ட் செய்யும். திங்களாழ்ச்சை வண்டி வரும்.”

எப்படி அட்ஜஸ்ட் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டு, செண்டை மேளத்துக்கு நடுவே தார் ரோட்டில் நடத்துவார்கள். மூட்டோ குளம்போ, ஆறு மாதத்தில் அந்தக் கால் முடிந்துவிடும். காலோடு குதிரையும்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “இவளோட பழைய லாடம் எவிடே? முன்பே நொண்டிட்டு உண்டோன்னு நோக்கட்டே.”

மாட்டியிருந்தவை மூன்று. நான்காவதைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் வாசல் பக்கம் திரும்பினார். பிள்ளை சாரை ஒரு பார்வை பார்த்தார். அவரோ தன் வாட்சைப் பார்த்தார்.

“நான் போய் வாங்கிட்டு வாரேன்” என்றேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். மாளுவுக்காக மட்டும் நான் கிளம்பவில்லை. அந்த லாடம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால், நான் கை வைக்கும் முன்பே மாளு நொண்டியிருக்கிறாள் என்று ஆகும். என் வேலை சுத்தம் என்று காட்டத்தான் கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை கழக்கூட்டத்துக்கு, பைபாஸில் ஸ்கூட்டரில் ஒன்றே கால் மணி நேரம். மழை வேறு. பதினோராவது மாடி. கதவு நிலையின் உச்சியில், மாவிலைத் தோரணத்துக்கு நடுவில், மாளுவின் லாடம், குங்குமப் பொட்டோடு. கதவைத் திறந்தவர் மீனா அக்கா. திருநெல்வேலிக்காரர். இவருடைய வீட்டுக்காரர்தான் அந்த மெம்பர்.

விஷயத்தைச் சொன்னேன்.

“என்ன தம்பி நீங்க, சாமி காரியத்துக்கு அடிச்சத கழட்டுனு வந்து நிக்கிய? பால் காய்ச்சி இன்னும் பத்து நாளு ஆகல.”

“குதிரைக்கு முடியலக்கா. பாத்துட்டு நாளைக்கே திருப்பித் தந்திருதேன்.”

“குதிரைக்கு முடியலையா?” அக்கா முகம் மாறிவிட்டது. “அப்ப இது ராசியில்லாத லாடமால்லா இருக்கும்? அதான், அன்னைக்கே எனக்கு மனசு சரியில்ல.”

“ஏன்?”

“குறையுள்ளதத் தந்துட்டு ஏன்னு கேக்கிய? ஆறு ஆணில ஒண்ணு பாதிதான் இருந்திச்சு. வாங்கின உடனே எண்ணிட்டேன். உங்க மேனேஜருக்கு ஃபோட்டோ எடுத்துப் போட்டேன். அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்கன்னுட்டாரு.”

நாற்காலியைக் கேட்டு வாங்கிப் போட்டு ஏறினேன். இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். தேய்மானம் இரண்டு பக்கமும் ஒரே சீராக இருந்தது. மாளு நேராகத்தான் நடந்திருக்கிறாள். வெளிப்பக்கம் மூன்று ஆணி, உள்பக்கம் இரண்டு. மூன்றாவதில் தலையும் அரை விரல் கம்பியும். முறிந்த இடத்தில் துரு. மீதி எங்கே என்று யோசிக்க வேண்டியதில்லை. அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் நான் புது ஆணியை அடித்தேன். அது உள்ளே கிடந்த துண்டைச் சதைக்குள் தள்ளிவிட்டு, தான் மட்டும் சுத்தமாக வெளியே வந்திருக்கிறது.

“என்ன தம்பி, தல சுத்துதா? எறங்குங்க மொதல்ல” என்றார் அக்கா.

லாடத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு திரும்பி வரும் வழி முழுவதும் எனக்கு நானே பேசிக்கொண்டு வந்தேன். வீடு பூட்டியிருந்தது என்று சொல்லலாம். லாடம் சாக்கடையில் விழுந்தது என்று சொல்லலாம். பேசாமல் போய், இன்னொரு முறை குளம்பைப் பார்க்கிறேன் என்று தோண்டி, ரோட்டில் மிதித்த ஆணி என்று சொல்லி எடுத்தும் விடலாம். மாளுவும் பிழைப்பாள், நானும் பிழைப்பேன். உண்மையில் அந்தக் கடைசி யோசனையோடுதான் லாயத்துக்குள் நுழைந்தேன்.

டாக்டர் மாளுவின் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை அவர் வருகிற நாளே இல்லை. கை நீட்டினார். லாடத்தைக் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நீ எந்தா கண்டே?”

வேறு எந்தக் கேள்வி கேட்டிருந்தாலும் சமாளித்திருப்பேன்.

“அஞ்சு முழு ஆணி டாக்டர். ஒண்ணு பாதி. மத்தப் பாதி இவ கால்ல இருக்கு. நான் மடக்க நிமித்தல. எண்ணவும் இல்ல. எண்ணாமலே இருபத்து நாலுன்னு எழுதிட்டேன்.”

டாக்டர் லாடத்தை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு வாளியிலிருந்து எழுந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கத்தி எடு” என்றார்.

குளம்பைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். நான் பூசிய எண்ணெய் போனதும் ஓட்டின் மேல், உள்பக்க ஆணி வரிசையில் கடுகளவு சாம்பல் நிறப் புள்ளி தெரிந்தது. டாக்டர் மாளுவின் தலையைத் தன் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். மெல்லிய கத்தியால் அந்தப் புள்ளியைச் சுற்றி, நகம் அளவுக்கு ஓட்டைச் சீவினேன். மாளு ஒரு முறை உதறினாள். காலை விட்டேன், மறுபடி எடுத்தேன். மூக்கு நீண்ட குறடால் பிடித்து, வந்த வழியிலேயே, நெம்பாமல், நேராக இழுத்தேன். துண்டு வந்தது. அதன் பின்னாலேயே கறுப்புத் தண்ணீர், ஊசிப்போன முட்டை நாற்றத்தோடு. அந்த நாற்றத்துக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கழுவி, மருந்து வைத்துக் கட்டினேன். டாக்டர் ஊசி போட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மாளு அந்தக் காலை ஊன்றி, மற்ற மூன்றையும் நம்பாத மாதிரி நின்றாள்.

திங்கட்கிழமை வந்த வண்டியை டாக்டர் காலியாகத் திருப்பி அனுப்பினார். பிள்ளை சார் முதல்முறையாக லாயத்துக்குள்ளே வந்தார்.

“காரியம் நல்லா முடிஞ்சல்லோ. அட்டையிலே ரோட்டு ஆணின்னு எழுது. கிளப்புக்கும் நாணக்கேடு இல்லை, நினக்கும் இல்லை.”

“முறிஞ்ச ஃபோட்டோவ அந்த அக்கா உங்களுக்கு அனுப்பினாங்களே சார்.”

“அதொரு பெண்ணுடே அந்தவிசுவாசம். ஆரு நோக்கும்?”

மூடநம்பிக்கை என்றார். மூன்று பேர் கைக்கு அந்த லாடம் போனது. தொழில் படித்த நான் எண்ணவில்லை. நிர்வாகம் படித்த அவர் எண்ணவில்லை. கண்ணேறுக்குப் பயந்த மீனா அக்கா எண்ணினார்.

அட்டையை எடுத்தேன். பழைய எண் தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் சரியான எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை எழுத்து நிற்கவில்லை, சாய்ந்துவிட்டது. விஷயம் வெளியே போய், தனியாகக் குதிரை வைத்திருந்த இரண்டு பேர் என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒருவர் ஒரு வருஷம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். நான் லாடம் கழற்றி முடித்ததும் முதல் வேலையாக என் டப்பாவைக் கொட்டி எண்ணினார். எரிச்சலாக இருந்தது. நின்றுகொண்டிருந்தேன்.

லாடத்தை வாக்குப்படி மீனா அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன். குதிரை பிழைத்துவிட்டதால் ராசி திரும்பிவிட்டதாம். “அந்தப் பாதியையும் தந்தா முழுசாயிரும்லா தம்பி?” என்று கேட்டார். தரவில்லை. அதை டாக்டர் அட்டையின் பின்பக்கம் செல்லோடேப் போட்டு ஒட்டிவிட்டார். படம் எடுத்துப் போட்டவன் அட்டையைத் திருப்பிப் பார்த்திருந்தால் பார்த்திருப்பான். திருப்பிப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது.

ரேஷ்மா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். 23½ எழுத்துப் பிழை இல்லை. அதற்குப் பக்கத்தில் அடித்துக் கிடக்கிறதே, அழகான கையெழுத்தில் ஒரு 24, அதுதான் பிழை.